போக்கரில் வலுவான சீட்டும் தோற்பது ஏன்? 'ஃப்ளஷ்' கணக்கு சொல்வது என்ன?

புதுதில்லி: பணம் வைத்து ஆடும் இணையவழி விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்யும் சட்டத்துக்கு 2025 ஆகஸ்ட் 22-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். விளையாட்டு திறமையைச் சார்ந்ததா, அதிர்ஷ்டத்தைச் சார்ந்ததா என்ற வேறுபாட்டை அச்சட்டம் கணக்கில் கொள்வதில்லை. பணம் கட்டி, பணம் வெல்லும் எதிர்பார்ப்புடன் இணையத்தில் ஆடப்படும் எதுவும் தடைக்குள் வருகிறது. இதையடுத்து ரம்மி, போக்கர் செயலிகள் பணம் வைத்து ஆடும் சேவையை நிறுத்திக்கொண்டன.

எனினும், 'திறமையா, அதிர்ஷ்டமா' என்ற பழைய கேள்வி இதனால் முடிந்துவிடவில்லை. கோவாவின் உரிமம் பெற்ற கேசினோக்களில் போக்கர் மேசைகள் இயங்குகின்றன. நேரில் ஆடப்படும் சீட்டாட்டத்தைப் பொருத்தவரை மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறுபடுகிறது. கோழிக்கோடு இந்திய மேலாண்மைக் கழகம் போக்கரை முன்வைத்து வணிக உத்தி குறித்த பாடமே நடத்தியது. மறுபுறம், போக்கர் சூதாட்டமே என்று தீர்ப்பளித்த உயர் நீதிமன்றமும் உண்டு.

இந்த இரு தரப்பும் எதைப் பார்த்து இவ்வாறு சொல்கின்றன என்பதை அறிய, மேசையில் அடிக்கடி நேரும் ஒரு சூழலை எடுத்துக்கொண்டால் போதும். ஒருவர் கையில் வலுவான சீட்டு இருக்கிறது. எதிராளியோ ஒரே இனத்தில் ஐந்து சீட்டுகள் சேர்வதற்கு, அதாவது 'ஃப்ளஷ்' அமைவதற்கு, இன்னும் ஒரே ஒரு சீட்டுக்காகக் காத்திருக்கிறார். முன்னிலையில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும்?

தீன்பத்தியும் போக்கரும்

வடமாநிலங்களில் தீபாவளி இரவுகளில் ஆடப்படும் தீன்பத்தியை அறிந்தவர்களுக்குப் போக்கர் அந்நியமாகத் தோன்றாது. ஆனால் அடிப்படையான ஒரு வேறுபாடு உண்டு. தீன்பத்தியில் மூன்று சீட்டுகள் கைக்கு வந்த பின் எதுவும் மாறுவதில்லை. வென்றவர் யார் என்பது சீட்டு பிரித்த கணத்திலேயே முடிவாகிவிடுகிறது, தெரிய வருவதுதான் பிறகு. பரவலாக ஆடப்படும் 'டெக்சாஸ் ஹோல்டம்' வகைப் போக்கரில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகத் தரப்படும். பின்னர் மேசை நடுவில் அனைவருக்கும் பொதுவாக ஐந்து சீட்டுகள் திறக்கப்படும். முதலில் மூன்று (ஃப்ளாப்), அடுத்து ஒன்று (டர்ன்), கடைசியாக ஒன்று (ரிவர்). ஒவ்வொரு கட்டத்திலும் பணயம் வைக்கலாம், அதற்கு ஈடான தொகையை வைத்துத் தொடரலாம், அல்லது விலகலாம். ஏழு சீட்டுகளில் சிறந்த ஐந்தே கணக்கில் வரும். ஆகவே இப்போது முன்னிலையில் இருப்பவர், அடுத்த சீட்டு திறந்ததும் பின்தங்கிவிடக்கூடும்.

இன்னொரு சுவையான வேறுபாடும் இங்கே சொல்லத்தக்கது. தீன்பத்தியில் ஒரே இனச் சீட்டுகளை ('கலர்') வரிசைச் சீட்டுகள் வெல்லும். போக்கரில் இது தலைகீழ், ஃப்ளஷ்தான் பெரிது. காரணம் வெறும் எண்ணிக்கையே. மூன்று சீட்டுகளில் இனம் கலந்த வரிசை 720 விதங்களிலும், வரிசையல்லாத ஒரே இனச் சேர்க்கை 1,096 விதங்களிலும் அமையும். ஐந்து சீட்டுகளிலோ வரிசை 10,200 விதங்களிலும், ஃப்ளஷ் 5,108 விதங்களிலும் அமையும். எது அரிதோ அதற்கே மதிப்பு அதிகம்.

எதிராளியின் வாய்ப்பு எவ்வளவு?

ஒருவரிடம் ஸ்பேடு ஏஸ், கிளாவர் ஏஸ் என இரண்டு ஏஸ்கள் உள்ளன. ஃப்ளாப்பில் ஹார்ட்டின் கிங், ஹார்ட்டின் 9, கிளாவர் 4 விழுகின்றன. எதிராளியிடம் ஹார்ட்டின் 8, ஹார்ட்டின் 7 உள்ளன என்று கொள்வோம். அவருக்கு இப்போது ஒரு ஜோடி கூட இல்லை; ஆனால் நான்கு ஹார்ட்டின் சேர்ந்துவிட்டன.

ஓர் இனத்தில் மொத்தம் 13 சீட்டுகள். நான்கு தெரிந்துவிட்டதால் மீதம் 9. எதிராளி பார்க்காத சீட்டுகள் 47. எனவே டர்னில் ஹார்ட்டின் விழும் வாய்ப்பு 47-இல் 9, அதாவது ஏறத்தாழ 19 சதவீதம். அது தவறி, ரிவரில் விழும் வாய்ப்பு 46-இல் 9, சற்றேறக்குறைய 20 சதவீதம். இரண்டு சீட்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் 35 சதவீதம். பழகிய ஆட்டக்காரர்கள் இதை மனக்கணக்காகவே போட்டுவிடுவர்: தேவைப்படும் சீட்டுகளின் எண்ணிக்கையை, இரண்டு சீட்டுகள் பாக்கி என்றால் 4-ஆலும், ஒன்றே பாக்கி என்றால் 2-ஆலும் பெருக்க வேண்டும். துல்லியமான விடை வராது. மேசையில் அமர்ந்திருப்பவருக்கு அது போதும்.

ஹார்ட்டினைத் தவிர வரிசை, இரட்டை ஜோடி போன்ற சிறு வாய்ப்புகளையும் கூட்டினால், இரண்டு ஏஸ்களுக்கு எதிராக அந்த 8-7 கடைசியில் வெல்லும் வாய்ப்பு 40 சதவீதத்தை நெருங்குகிறது. 'உலகிலேயே சிறந்த தொடக்கச் சீட்டு' என்று புகழப்படும் இரட்டை ஏஸின் நிலை இதுதான்.

ஆனால் வலுவான சீட்டுகள் எல்லாம் ஒன்றல்ல. அதே ஃப்ளாப்பில் முதலாமவரிடம் ஏஸ்களுக்குப் பதிலாக ஸ்பேடு 9, டைமண்ட் 9 இருந்திருந்தால், அவருக்கு மூன்று 9 சேர்ந்து 'செட்' அமைந்திருக்கும். எதிராளியின் வாய்ப்பு அப்போது 27 சதவீதமாகச் சரிகிறது. மேசையில் ஏதேனும் இரண்டு சீட்டுகள் ஜோடியானால் செட், ஃப்ளஷை வெல்லும் 'ஃபுல் ஹவுஸ்' ஆகிவிடும் என்பதே காரணம். இங்கே ஹார்ட்டின் 4 ஒரு வினோதமான சீட்டு. அது எதிராளிக்கு ஃப்ளஷைத் தரும்; அதே நேரத்தில் செட் வைத்திருப்பவருக்கு ஃபுல் ஹவுஸையும் தரும். ஃப்ளஷ் கிடைத்த மகிழ்ச்சியில் கையில் உள்ள அனைத்தையும் பணயமாக வைப்பவர் அனைத்தையும் இழப்பார்.

மேசையில் இரண்டு ஹார்ட்டினைக் கண்டவுடன் எதிராளியிடம் ஃப்ளஷ் வாய்ப்பு இருப்பதாகவே எண்ணி நடுங்குவதும் தவறு. முதலாமவர் கையில் ஹார்ட்டின் இல்லாத நிலையில், கண்மூடித்தனமாக எடுக்கப்பட்ட இரண்டு சீட்டுகளும் ஹார்ட்டினாக இருக்கும் வாய்ப்பு 1,081-இல் 55, அதாவது 5 சதவீதம் மட்டுமே. உண்மையில் ஆட்டக்காரர்கள் ஒரே இனச் சீட்டுகளை விரும்பி வைத்துக்கொண்டு மற்றவற்றுடன் விலகிவிடுவதால் விகிதம் இதைவிடக் கூடும். நான்கு எதிராளிகள் இருந்தால், கண்மூடித்தனமான கணக்கிலேயே ஏறத்தாழ ஐந்தில் ஒரு முறை யாரோ ஒருவரிடம் அந்த இரண்டு ஹார்ட்டின் இருக்கும். ஒரே ஓர் எதிராளி இருக்கும்போது ஃப்ளஷ் அச்சத்துக்குக் கொடுக்கும் இடமும், மேசை நிறைய ஆட்கள் இருக்கும்போது கொடுக்கும் இடமும் ஒன்றாக இருக்க முடியாது.

அடுத்த சீட்டுக்கு ஒரு விலை

போக்கரில் திறமை என்று ஒன்று இருந்தால் அது தொடங்கும் இடம் இதுவே. அடுத்து எந்தச் சீட்டு விழும் என்பதை யாராலும் மாற்ற முடியாது. ஆனால் அந்தச் சீட்டைப் பார்க்க எதிராளி எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதை முன்னிலையில் இருப்பவர் தீர்மானிக்கலாம்.

டர்னில் ஸ்பேடு 2 விழுந்தது, ஹார்ட்டின் இல்லை. நடுவில் சேர்ந்துள்ள தொகை 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு சீட்டு பாக்கி. எதிராளியின் வாய்ப்பு 46-இல் 9.

இரட்டை ஏஸ்காரர் 200 ரூபாய் மட்டும் பணயம் வைத்தால், எதிராளி 200 கொடுத்து 1,200-ஐ வெல்ல முயல்கிறார். 46 முறை இதே நிலை வந்தால் 9 முறை 1,200 வெல்வார். 37 முறை 200 இழப்பார். சராசரியாக ஒவ்வொரு முறையும் அவருக்கு 74 ரூபாய் லாபம். அதாவது, முன்னிலையில் இருப்பவரே எதிராளிக்கு வலியச் சென்று பரிசளிக்கிறார். பணயமே வைக்காமல் விட்டால் பரிசு இன்னும் பெரிது, சீட்டு இலவசம்.

அதுவே 500 ரூபாய் வைத்தால் நிலைமை மாறுகிறது. எதிராளி 500 கொடுத்து 1,500-ஐ வெல்ல முயல்கிறார். இப்போது சராசரியாக ஒவ்வொரு முறையும் அவருக்கு 109 ரூபாய் நட்டம். 1,000 ரூபாய் வைத்தால் நட்டம் 413 ஆகிறது. லாபமும் இல்லாமல் நட்டமும் இல்லாமல் இருக்கும் எல்லை சுமார் 321 ரூபாய், அதாவது நடுத்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கீழே. அதற்கு மேல் எதிராளி கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் அவர் செய்யும் தவறு.

எனில், 5,000 ரூபாய் வைத்து எதிராளியை விரட்டிவிடலாமே என்ற கேள்வி எழலாம். புதியவர்கள் பலர், முக்கியமாக முந்தைய ஆட்டத்தில் ஃப்ளஷுக்குத் தோற்றவர்கள், அப்படித்தான் செய்கிறார்கள். எதிராளி விலகினால் நடுவில் உள்ள 1,000 கிடைக்கும், அவ்வளவுதான். அவர் 500-க்குத் தொடர்ந்திருந்தால் நீண்ட கால நோக்கில் அந்த 1,000-க்கு மேல் இன்னும் 109 கிடைத்திருக்கும். ஃப்ளஷைத் துரத்துபவர் விலகுவதைவிட, தவறான விலை கொடுத்துத் தொடர்வதே வலுவான சீட்டு வைத்திருப்பவருக்கு நன்மை. மனம் இதை எளிதில் ஏற்பதில்லை. ஐந்தில் ஒரு முறை கண்ணெதிரே தோற்க வேண்டியிருப்பதால், லாபகரமான முடிவும் தவறு போலவே தோன்றுகிறது.

நடுத்தொகையில் பாதி முதல் முக்கால் வரை பணயம் வைப்பது வழக்கமாக இருப்பதன் பின்னணி இந்தக் கணக்குதான்.

எதிராளி செய்யும் பொதுவான பிழை ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஃப்ளாப்பில் '35 சதவீதம் இருக்கிறது' என்று எண்ணித் தொடர்பவர், டர்னில் இன்னொரு பணயம் வரும் என்பதை மறந்துவிடுகிறார். இரண்டு சீட்டுகளையும் ஒரே விலையில் பார்க்க முடிந்தால் மட்டுமே, அதாவது கையிருப்பு முழுவதும் அப்போதே உள்ளே போய்விட்டால் மட்டுமே, 35 என்ற எண் செல்லும். மற்ற வேளைகளில் அவருடைய எண் 19 தான்.

மூன்றாவது ஹார்ட்டின் விழுந்த பிறகு

மேற்கண்ட கணக்கில் ஒரு குறை உண்டு. ஹார்ட்டின் விழுந்ததும் ஆட்டம் முடிந்துவிடுவதில்லை. ரிவரில் இன்னொரு பணயச் சுற்று இருக்கிறது. எதிராளி 500 கொடுத்துத் தொடர்ந்ததால் நடுத்தொகை இப்போது 2,000. ஹார்ட்டின் விழுகிறது. இதுவரை அமைதியாகத் தொடர்ந்தவர் திடீரென 1,000 ரூபாய் வைக்கிறார். இரட்டை ஏஸ்காரர் என்ன செய்வது?

ஒவ்வொரு முறையும் 'என்னிடம் ஏஸ் இருக்கிறதே' என்று 1,000 கொடுத்துப் பார்ப்பவராக அவர் இருந்தால், டர்னில் போட்ட கணக்கு முழுவதும் கவிழ்ந்துவிடுகிறது. எதிராளி ஹார்ட்டின் விழும் 9 முறையும் 1,500-க்குப் பதில் 2,500 வெல்கிறார். 109 ரூபாய் நட்டமாக இருந்த அவரது முடிவு, 87 ரூபாய் லாபமாக மாறுகிறது. இரண்டில் ஒரு முறை மட்டும் பார்த்தால், எதிராளிக்கு 11 ரூபாய் நட்டம், ஏறத்தாழ சமநிலை. டர்னில் சரியான விலை கேட்டவர், ரிவரில் விலக மனமில்லாததால் அந்த விலையைத் தாமே திருப்பிக் கொடுத்துவிடுகிறார்.

அதற்காக, மூன்றாவது ஹார்ட்டினைக் கண்டதும் எப்போதும் விலகிவிடுவதும் சரியன்று. அப்படி விலகுபவரைக் கண்டுகொண்ட எதிராளி, ஹார்ட்டின் இல்லாமலேயே பணயம் வைத்து மிரட்டத் தொடங்குவார். கணக்கு இங்கேயும் உதவுகிறது. 1,000 கொடுத்தால் 3,000 வெல்லலாம் என்ற நிலையில், நான்கில் ஒரு முறைக்கு மேல் எதிராளி வெற்று மிரட்டல் விடுப்பவராகவோ, தாழ்ந்த சீட்டுடன் பணயம் வைப்பவராகவோ இருந்தால் தொடர்வது சரி. இல்லையெனில் விலகுவதே சரி. நான்கில் ஒன்று என்ற எல்லையை எண்கள் தந்துவிடும். எதிரில் அமர்ந்திருப்பவர் அந்த எல்லையின் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதை எந்தச் சூத்திரமும் சொல்லாது. அவர் இதுவரை எப்படி ஆடினார், எப்போது பணயம் வைத்தார், எப்போது ஒதுங்கினார் என்பதை மணிக்கணக்கில் கவனித்தவருக்கே அது ஓரளவு தெரியும். போக்கர் திறமை விளையாட்டு என்று வாதிடுவோரின் மிக வலுவான சான்று இந்த ரிவர் முடிவுதான் என்று சொல்லலாம்.

செட் வைத்திருப்பவர் இந்த இடத்தில் சற்று நிம்மதியாக இருக்கலாம். டர்னில் ஸ்பேடு 2 விழுந்த நிலையில், மேசையை ஜோடியாக்கும் ஹார்ட்டின் 2-உம் ஹார்ட்டின் 4-உம் அவருக்கே சாதகம். எதிராளிக்கு உண்மையில் மிஞ்சுபவை 9 அல்ல, 7 சீட்டுகளே. ரிவரில் 1,000 ரூபாயை ஒவ்வொரு முறையும் கொடுத்தாலும் எதிராளியின் துரத்தல் நட்டத்திலேயே முடிகிறது. ஆகவே செட் தன்னம்பிக்கையுடன் தொகையைப் பெருக்க வேண்டிய சீட்டு. ஒற்றை ஜோடி, அது ஏஸ் ஜோடியே ஆனாலும், ஆபத்தான மேசையில் தொகையைக் கட்டுக்குள் வைக்க வேண்டிய சீட்டு. இரண்டையும் ஒரே மாதிரி ஆடுவதால்தான் பெரும்பாலான பெரிய இழப்புகள் நேர்கின்றன.

வலுவான சீட்டு கிடைத்ததும் அதை மறைத்து, பணயம் வைக்காமல் எதிராளிகளை உள்ளே இழுக்கும் உத்தியும் உண்டு. ஃப்ளஷுக்கு இடமில்லாத மேசையில் அது பலிக்கலாம். இரண்டு ஹார்ட்டின் கிடக்கும் மேசையில், அதுவும் மூன்று நான்கு பேர் இருக்கும்போது, அது இலவசச் சீட்டு வழங்கும் தர்மமாகவே முடியும்.

நீதிமன்றங்கள் ஏன் வேறுபடுகின்றன?

சரியாகவே ஆடியவர் 46-இல் 37 முறை, அதாவது 80 சதவீதம் வெல்கிறார். இதே சூழல் 10 முறை வந்தால், அவற்றில் ஒருமுறையேனும் அவர் தோற்கும் வாய்ப்பு 89 சதவீதம். சரியாக ஆடியும் தோற்றவர் 'செயலி ஏமாற்றுகிறது' என்று கோபப்படுவதும், தவறாக ஆடியும் வென்றவர் தமக்குத் திறமை இருப்பதாக நம்பிவிடுவதும் இந்த எண்ணின் இரு பக்கங்கள். இரண்டாவது நம்பிக்கையே அதிகம் பணம் பறிப்பது. ஒற்றை ஆட்டத்தைப் பார்ப்பவருக்கு அதிர்ஷ்டம் மட்டுமே தெரியும். ஆயிரக்கணக்கான ஆட்டங்களைப் பார்ப்பவருக்கே விலை கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் உள்ள வேறுபாடு தெரியும்.

நீதிமன்றங்களின் முடிவுகளிலும் இந்தப் பிளவைக் காணலாம். உச்ச நீதிமன்றம் 1967-இல் ஆந்திரப் பிரதேச அரசு - கே. சத்யநாராயணா வழக்கில், ரம்மி பெருமளவு திறமையைச் சார்ந்தது என்று கூறியது. அதே தீர்ப்பில், 'ஃப்ளஷ்' போன்ற பெயர்களில் அழைக்கப்படும் மூன்று சீட்டு ஆட்டத்தை முழுமையான அதிர்ஷ்ட ஆட்டம் என்று தனியே பிரித்துக் காட்டியது. சீட்டு பிரித்த பின் எதுவும் மாறாத தீன்பத்தியும், ஒவ்வொரு கட்டத்திலும் கணக்கு மாறும் போக்கரும் ஒன்றா என்ற கேள்வி அதற்குப் பிறகே கூர்மையடைந்தது. மேற்கு வங்கத்தின் 1957-ஆம் ஆண்டுச் சட்டம் போக்கரைச் சூதாட்ட வரையறையிலிருந்து விலக்கியிருந்தது. குஜராத் உயர் நீதிமன்றம் 2017-இல் போக்கரைச் சூதாட்டம் என்றது. தமிழகத்தின் 2022-ஆம் ஆண்டு இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுகளின் அட்டவணையில் சேர்த்தது; சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் அந்த அட்டவணையை ரத்து செய்தது.

2025-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் இந்த விவாதத்தையே ஓரமாக வைத்துவிட்டது. இணையத்தில் பணம் வைத்து ஆடும் விளையாட்டை வழங்குவோருக்கு 3 ஆண்டுகள் வரை சிறையோ, ஒரு கோடி ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். விளம்பரம் செய்வோருக்கு 2 ஆண்டுகள் வரை சிறையோ, 50 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. பணயம் இல்லாமல் பொழுதுபோக்காக ஆடப்படும் விளையாட்டுகள் தடைக்குள் வரவில்லை.

சட்டம் அனுமதிக்கும் மேசைகளிலும் கூட, இதுவரை பார்த்த கணக்கில் இடம்பெறாத ஒருவர் இருக்கிறார்: மேசையை நடத்துபவர். ஒவ்வொரு ஆட்டத்தின் நடுத்தொகையிலிருந்தும் ஒரு பங்கு அவருக்குப் போகிறது. அது 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், மேற்சொன்ன 2,000 ரூபாயில் 100 ரூபாய். எதிராளியைத் தவறான விலைக்குத் தொடர வைத்து, இரட்டை ஏஸ்காரர் சராசரியாக ஈட்டியது 109 ரூபாய்.